ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகாதவள்

என்னை நம்பிக்கையான ஆள் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முன்பு அப்படி இல்லை. "எங்கட மிஸ்ஸிட்ட எதையும் சொல்லலாம், வெளிய போகாது" என்று கல்முனைக்குடியில் ஒரு வாசலில் சொல்வது அடுத்த வாசலுக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே ஸ்கூட்டியை எடுப்பேன். மனசுக்குள் குளிர்ச்சியாக இருக்கும்.

நான் மிட்வைஃப், ஊரில் மிஸ் என்று கூப்பிடுவார்கள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. இந்த வேலையில் நாம் கேட்காமலே எல்லாம் தெரிய வரும். எந்தப் பெண் சாப்பிடுவதில்லை, எவள் கணவனோடு ஆறு மாதமாகக் கதைப்பதில்லை, எவள் சிரித்துக்கொண்டே தேநீர் தந்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுகிறாள், எல்லாம். பிள்ளையை நிறுக்கும் தராசைப் பையில் வைத்துக் கட்டுகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் பெண்கள் வாய் திறப்பார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒலுவில் பக்கம் கிடைத்தது. வயது இருபத்தாறு. வாய் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் ஒரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும் இது இரண்டாம் மாதம் என்று சொல்லிவிட்டேன். சந்தோசமான செய்திதானே என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே இரண்டு கரு கலைந்திருந்தது. மூன்றாவது நிலைக்கும் வரை யாருக்கும் சொல்வதில்லை என்று அவள் இருந்திருக்கிறாள். அதுவும் நிலைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். நான் போன அன்று கதவை அரைவாசிதான் திறந்தாள்.

"முந்தின ரெண்டையும் நான் தனியத்தான் தாங்கின மிஸ். இந்த முற ஊரே வந்து எண்ட முகத்தப் பார்த்துட்டுப் போகுது. உங்கட வாய் சும்மா இருந்திருந்தா இது எனக்கு வராது" என்றாள். கதவு மூடிவிட்டது.

நான் ஸ்கூட்டியில் ஏறாமல், வெயிலில் அதை உருட்டிக்கொண்டே கடற்கரை வீதி வரைக்கும் நடந்தேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான்: ஒரு வீட்டில் கண்டதையும் கேட்டதையும் இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும். மனிதருக்கு ஒரு கொள்கையாவது வேண்டும் என்றால் எனக்கு இது போதும் என்று நினைத்தேன். புறம் பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். மார்க்கமும் என் பக்கம், உத்தியோகச் சட்டமும் என் பக்கம். இதில் எங்கே பிழை வரப்போகிறது?

பல வருடம் கழித்து, அதே ஒலுவிலில் என்னுடைய பதிவேட்டில் ஒரு பெண் வந்தாள். முதல் கர்ப்பம். மிகவும் அமைதியான பெண். கணவன் கல்முனைக்காரன், ஹார்ட்வெயார் கடை ஒன்றில் வேலை. எங்கள் பக்க வழக்கப்படி பெண்ணின் வீட்டில் வந்து இருந்தான். ஐந்தாம் மாதம் இரத்த அழுத்தம் பார்க்க அவளுடைய சட்டைக் கையை மேலே ஏற்றினேன். மேல் கையில் நான்கு விரலின் அடையாளம்.

"கதவுல அடிபட்டுட்டு மிஸ்" என்றாள்.

அடுத்த முறை போனபோது அடையாளம் கழுத்தில் இருந்தது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கறியில் உப்புக் கூடினால் அடி, தொலைபேசியை எடுக்கப் பிந்தினால் அடி, ஒன்றுமே இல்லாவிட்டால் முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று அடி. சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரிட்டயும் சொல்லிராதீங்க மிஸ். அல்லாவுக்காக." நான் வாக்குக் கொடுத்தேன். பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் அவளே காதி நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நல்லது என்று நினைத்தேன். எனக்கும் சொந்த ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது. அவளை நான் மறந்துவிடவில்லை. ஆனால் தேடிப் போகவும் இல்லை.

எட்டு வருடம் போனது. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ராத்தா இருக்கிறார். உடன்பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் ராத்தா என்று கூப்பிடுவேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பிள்ளைகள் அவளுடைய அபாயாவைப் பிடித்துக்கொண்டு வீதியெல்லாம் தொங்கித் திரிவார்கள். இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணம் பொருந்தவில்லை. அந்தக் கவலையிலேயே ராத்தா பாதியாகிவிட்டார்.

ஒரு பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்பு, ராத்தா வந்து எங்கள் விறாந்தையில் உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி. மாப்பிள்ளையின் விவரம் அதில் எழுதியிருந்தது. வாசித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒலுவில் பெண்ணை அடித்தவன்தான்.

"ஒலுவில்ல கலியாணம் முடிச்சு விட்டவராம். அந்தப் பொண்டாட்டிக்கு மூளை கொஞ்சம் சரியில்லையாம் எண்டு சொல்றாங்க" என்றார் ராத்தா. "நீங்க அங்க வேல செஞ்சீங்கதானே மிஸ். உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

மூளை சரியில்லையாம். அதைக் கேட்டவுடனே என் காது சூடாகியது. வாய் வரை வந்தது. ஆனால் அந்தப் பெண் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. அதற்கும் முன்னால் அரைவாசி திறந்த அந்தக் கதவு ஞாபகம் வந்தது.

"ராத்தா, நான் ஒரு ஊட்டுக் கதைய இன்னொரு ஊட்டுக்குக் கொண்டு போறல்ல. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும் மிஸ். எண்டாலும் எண்ட புள்ளைட விசயம்."

"நல்லா விசாரிங்க. அவசரப்படாதீங்க" என்றேன்.

இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லா விசாரிங்க என்றால் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, புத்தியுள்ளவர்களுக்கு அது போதும். உண்மையில் எங்கள் ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. சலாம் சொல்வதைப் போல. ராத்தா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. இவ்வளவு பெரிய சோதனையிலும் கொள்கையை விடவில்லையே என்ற நிறைவு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

கல்யாணம் நடந்தது. நானும் போனேன். ஐந்தாறு பெண்கள் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ராத்தா இறைச்சிச் சட்டியோடு வந்து, என் பக்கம் கொஞ்சம் கூடவே அள்ளி வைத்துவிட்டு, மற்றவர்களிடம் சொன்னார்: "எங்கட மிஸ்ஸிட்டயும் விசாரிச்சுத்தான் செஞ்ச. அவ ஒரு பிழையும் சொல்லல்ல."

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். அப்போதாவது எழும்பிப் போய் ராத்தாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நிக்காஹ் முடிந்துவிட்டதே, இனிச் சொல்லி என்ன, ஒருவேளை அவன் திருந்தியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தேன். என் மௌனத்தை ஒரு நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு போய்க் கல்யாணம் செய்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஏழு மாதம் கழித்து அந்த மகள் என் பதிவேட்டில் வந்தாள். இரண்டாவது தடவை வீட்டுக்குப் போனபோது சட்டைக் கையை மேலே ஏற்றினேன். நான் பார்க்கிறதைப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"கதவுல அடிபட்டுட்டு மிஸ்."

அதே சொல். ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. அழுத்தம் பார்க்கிற கருவியை அந்த அடையாளத்தின் மேலேயே சுற்ற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்தது இன்னொரு முட்டாள்தனம். கல்யாண நாளிலிருந்து இருந்த குற்ற உணர்ச்சி ஒன்றாகச் சேர்ந்து தள்ள, நேரே குசினிக்குள் போய் ராத்தாவிடம் கொட்டிவிட்டேன். அவன் ஒலுவிலில் செய்தது, இங்கே செய்வது, எல்லாம். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லட்டுமா என்று கூடக் கேட்கவில்லை.

ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். "அண்டைக்குக் கேட்டனே மிஸ்" என்றார். கையைக் கழுவிக்கொண்டே மறுபடியும், "நான் வந்து உங்கட வாசல்ல இருந்து கேட்டனே" என்றார்.

அவர் தன் தம்பியைக் கூப்பிட்டார். பெண்ணின் மாமா. அந்த மனிதர் மருமகனைக் கூப்பிட்டு, ஆண்களுக்குள் கதைக்கிற மாதிரிச் சிரித்துப் பேசி, புத்தி சொல்லி அனுப்பினார். அவன் வீட்டுக்கு வந்து, வெளியாட்களிடம் போய்ச் சொன்னாயா என்று கேட்டு அவளை அடித்தான். நான் வாய் திறக்காததால் ஒரு அடி, வாய் திறந்ததால் ஒரு அடி. அடுத்த நாள் காலையில் ராத்தா தொலைபேசி எடுத்தபோது நான் சீருடையைக் கூட ஒழுங்காகக் கட்டாமல் ஓடினேன். மகளின் உதடு வெடித்திருந்தது. நல்ல வேளை, வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுப் பார்த்தேன், சீராக இருந்தது.

நான் அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க மகள்" என்றேன்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"ஓம்."

"உம்மா வந்து கேட்டாவாம்?"

"ஓம்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. எழும்பி அறைக்குள் போனாள். அலுமாரியிலிருந்து அவனுடைய உடுப்புகளை எடுத்து ஒரு பயணப் பையில் போட்டாள். சாரன்கள், சேர்ட்டுகள், சவரப் பெட்டி, கடைசியாகக் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஹெல்மெட். பையைக் கேற்றுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே இருந்து கொழுவியைப் போட்டாள். மாமா வந்து கத்தினார். "புருசன இப்படி வெளியில போடுறதா? ஊர் என்ன கதைக்கும்?" அவள் கேற்றைத் திறக்கவில்லை. "இது எண்ட பேர்ல இருக்கிற ஊடு மாமா" என்று மட்டும் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற வழக்கத்தை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். தகப்பன்மார் அதற்காக அழிந்து போவதைப் பார்த்தவள். அன்றைக்கு மட்டும் அந்தக் கேற்றைப் பார்த்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அவன் சும்மா இருக்கவில்லை. கர்ப்பிணிகளின் அந்தரங்கத்தை வெளியில் கதைக்கிறேன் என்று என்மேல் எங்கள் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். பத்தொன்பது வருடமாக நான் செய்யாத ஒன்றுக்கு, செய்த ஒரே நாளுக்காக, விளக்கம் எழுதச் சொன்னார்கள். மேலதிகாரி என்னை நன்றாக அறிந்தவர். "ஏன் மிஸ், நீங்களா?" என்று மட்டும் கேட்டார். உண்மையைத்தான் எழுதினேன். எழுதும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் மேல் பாதி, என்மேல் பாதி.

மகள் காதியிடம் மனுக் கொடுத்தாள். அவன் அடித்ததே இல்லை என்று மறுத்தான். நான் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் ஒலுவில் கதையையும் சொல்ல வேண்டும் என்றால், அது என்னுடைய கதை இல்லையே. இந்தத் தடவையாவது கேட்டுவிட்டுச் செய்வோம் என்று ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

கல்முனையிலிருந்து ஒலுவிலுக்கு அந்த பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை. இதை நான் எட்டு வருடமாகத் தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பெண் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. வீட்டின் முன் அறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு அபாயா தைக்கிறாள். மகள் பாடசாலைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு என் பேச்சை முழுதாகக் கேட்டாள். மூளை சரியில்லையாம் என்று அவன் ஆட்கள் சொன்னதையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்தாள்.

"உங்கட கதைய நான் காதிட்டச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "நீங்க அண்டைக்கு யாரிட்டயும் சொல்ல வேணாம் எண்டு சொன்னீங்க. நான் இவ்வளவு காலமும் சொல்லல்ல."

அவள் கையிலிருந்த துணியை மெஷினின் மேல் வைத்தாள்.

"மிஸ், அண்டைக்கு நான் அவன்ட ஊட்டுக்காரியா இருந்தன். பயத்துல சொன்ன. இப்ப அவன விட்டே எட்டு வருசமாகுது. இன்னும் அதே பயத்துலயா இருப்பன்? அந்தப் புள்ளைட உம்மா உங்கள்ட்டக் கேட்ட அண்டைக்கே எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருந்தா, நானே கதைச்சிருப்பனே."

துணியை மறுபடியும் கையில் எடுத்தாள்.

"எண்ட நம்பர் மாறவும் இல்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவளுடைய இரகசியத்தை ஏதோ என்னுடைய நகையைப் போலப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். இன்னும் பூட்ட வேண்டுமா, திறக்கலாமா என்று சொந்தக்காரியிடம் ஒரு தடவை கேட்க எனக்குத் தோன்றவில்லை. கொள்கையைப் பற்றி அவ்வளவு யோசித்த நான், ஆளைப் பற்றி யோசிக்கவில்லை.

"நீங்க சொல்ல வேணாம்" என்றாள். "நானே வாறன்."

வந்தாள். அவனுடைய முகம் அவளைக் கண்டதும் சுருங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். காதி வயதான மனிதர், பொறுமையாகக் கேட்டார். அவள் எழும்பி நின்று எட்டு வருடத்துக்கு முந்தியதையெல்லாம் குரல் உடையாமல் சொன்னாள். பிறகு என்னைக் கேட்டார்கள். நான் கண்ட அடையாளங்களைச் சொன்னேன், முதல் மனைவியின் கழுத்தில், இரண்டாம் மனைவியின் கையில்.

"இந்த மனிதர் இப்படிப்பட்டவர் எண்டு கலியாணத்துக்கு முதல் உங்களுக்குத் தெரியுமா?" என்று காதி கேட்டார்.

"தெரியும்."

"பொண் ஊட்டார் உங்களிட்ட விசாரிச்சாங்களா?"

"ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"புறம் பேசக் கூடாதெண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கலியாணத்துக்கு ஆலோசனை கேட்டா உள்ளதச் சொல்றது புறம் இல்ல தங்கச்சி. மார்க்கத்துல அதுக்கு இடமிருக்கு. யாரிட்டயாவது கேட்டிருக்கலாமே" என்றார். அவரும் அதையேதான் சொன்னார். கேட்டிருக்கலாமே. அவரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒலுவில்காரியும் ராத்தாவின் மகளும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருவருக்கும் நடுவில் இருந்தது, இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

வழக்குப் பல தவணை போய், பிள்ளை பிறந்த பிறகுதான் முடிந்தது. பிரிவு கிடைத்தது. ஆண் குழந்தை. இப்போது நடக்கிறான். தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது மகள் என்னோடு கதைப்பாள், பிள்ளையின் சளி, பல், சாப்பாடு. அவ்வளவுதான். ராத்தா கதைப்பதில்லை. என் சலாமுக்குப் பதில் சொல்வார், மார்க்கக் கடமைக்காக. இறைச்சி அள்ளி வைத்த அந்தக் கை இப்போது எனக்கு ஒரு தேநீர் கூட நீட்டுவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

கொள்கையைத் திருத்திக்கொண்டேன் என்று சொல்லி இதை முடிக்கத்தான் எனக்கும் ஆசை. திருத்தித்தான் பார்த்தேன். யாராவது ஒருவரைப் பற்றிக் கேட்டால் உடனே மறுக்காமல், உடனே கொட்டாமல், சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்டுவிட்டுச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். போன மாதம் சாய்ந்தமருதிலிருந்து ஒரு உம்மா வந்து, தன் மகளுக்குப் பேசியிருக்கிற, என் பிரிவில் இருக்கிற ஒரு குடும்பத்துப் பையனைப் பற்றிக் கேட்டார். தங்கமான பையன். தன் கூடப்பிறந்த ராத்தாவின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கே வருகிறவன். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு நோய் இருப்பது என் வேலையால் எனக்குத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அவர்களிடம் கேட்காமல் எதையும் கதைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"ரெண்டு நாள் தாங்க. அவங்கள்ட்டக் கேட்டுட்டுச் சொல்றன்" என்றேன்.

அந்த உம்மாவின் முகம் மாறியது. "அப்ப ஏதோ இருக்கு" என்றார்.

"ஒண்டும் இல்ல. நல்ல புள்ள. நான் எப்பவும் இப்படித்தான்..."

"ஓம் ஓம், விளங்குது மிஸ்" என்று பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். கேற்று வரை பின்னால் போய்ச் சொன்னேன், நல்ல பையன், நம்பிக் கொடுங்கள் என்று. நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கல்யாணப் பேச்சு அத்தோடு முறிந்துவிட்டது என்று பையனின் ராத்தாவே கிளினிக்கில் வைத்துச் சொன்னாள். என்னால்தான் முறிந்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையைத் தராசில் இருந்து தூக்கிக்கொண்டு, "என்னகா மிஸ், உங்களோட பெரிய தொல்லையா இருக்கு" என்று சொல்லிவிட்டு, எடையைக் கூடக் கேட்காமல் போய்விட்டாள்.